வாரேன் என்று சொல்லத் தடை

கனகா சோறு தின்பது ஒரு பேரரசின் புண்ணியத்தில் என்று சொன்னால் திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு காக்காய்கூட நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும், உண்மை அதுதான். அந்தப் பேரரசின் பெயர் கார்வென். வானத்தில் கப்பல் விடும். எல்லையோரத்து ஊர்களை ஒவ்வொன்றாக முழுங்கும், முழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. அது இருப்பதெல்லாம் ஜப்பான்காரர்கள் தயாரிக்கிற ஒரு வீடியோ கேமுக்குள்ளேதான். அதில் வருகிற ஆட்கள் பேசுவதையெல்லாம் தமிழில் எழுதித் தருவது கனகாவின் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனம் ஆங்கில வசனங்களை அனுப்பும். இவள் மாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தமிழாக்கித் திருப்பி அனுப்புவாள்.

முதலில் அவளுக்கு இந்த வேலைமேல் மரியாதையே இல்லை. மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய டீச்சருக்கு, பிள்ளைகள் பட்டனைத் தட்டி விளையாடுகிற சமாச்சாரத்துக்கு வசனம் எழுதுவது பெருமையாகவா இருக்கும்? ஒரு மாதம் போனபிறகுதான் மிரண்டு போனாள். கேமில் நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேச்சுக் கொடுக்கிறார்கள். மீன் விற்கிறவள் வரியைத் திட்டுகிறாள். கோயில் பூசாரி யார் பக்கம் சாய்வது என்று கணக்குப் போடுகிறான். அரண்மனையில் ராசா பேசுகிற பக்கம் பக்கமான பேச்சைவிட, கிணற்றடியில் நிற்கிறவள் சொல்லுகிற இரண்டு வரியில்தான் அந்த உலகத்தின் சூட்சுமமெல்லாம் இருந்தது. உடன்படிக்கை, துரோகம், உட்பகை, உளவு என்று அங்கே நடக்கிற அரசியலைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல் கால் தூசு பெறாது.

கார்வென்காரன் கத்தியை எடுத்துக்கொண்டு வரமாட்டான். அங்கேதான் இருக்கிறது அவன் கெட்டிக்காரத்தனம். மினாசே என்று ஓர் எல்லைக் கிராமம். அங்கே வெள்ளைக் கையுறை போட்ட அதிகாரிகள் மிட்டாய் டப்பாவோடு வந்து, 'உப்புச் சுரங்கத்தில் நல்ல வேலை, தங்க இடம், வயிறாரச் சாப்பாடு' என்று இளந்தாரிகளைக் கூட்டிப்போவார்கள். அந்த உப்பை எரித்துத்தான் வானக் கப்பல் ஓடுகிறது. போனவர்கள் திரும்புவதில்லை. அதிகாரிகளுக்குத் தாலுகா ஆபீஸ் நோட்டீசு பாஷையைக் கொடுத்தாள் கனகா. 'மேற்படி நபர் தம் விருப்பத்தின்பேரில் பணியமர்த்தப்பட்டுள்ளார்' என்றுதான் அவர்கள் பேசுவார்கள். மினாசே சனங்களுக்குத் தன் ஊர்ப் பேச்சையே கொடுத்தாள்.

அந்த மிட்டாய் டப்பா அதிகாரியின் வசனத்தை எழுத மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. பழனி ரோட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி வைத்திருந்த பாக்கியராஜ் அவள் வீட்டுக்கே வந்து சொன்னதை அப்படியே எழுதிவிட்டாள்.

அவள் புருஷன் விக்னேஷ்குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். "பாங்காக்குல கம்ப்யூட்டர் வேலைங்க. ஏசி ரூம், மூணு நேரமும் சாப்பாடு, டைப் அடிக்கிறதுதான் சோலியே" என்று பாக்கியராஜ் சொல்ல, ஐப்பசியில் புறப்பட்டுப் போனான். போன ஒரு வாரத்திலேயே ஆற்றைத் தாண்டி வேறு நாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். முள்கம்பி போட்ட நாலு மாடிக் கட்டடம். ஊர் உலகத்தில் உள்ளவர்களையெல்லாம் போனில் ஏமாற்றுவதுதான் வேலை. ஏமாற்ற மாட்டேன் என்றால் அடி. இதெல்லாம் அவன் கக்கூசுக்குள் இருந்து குசுகுசுவென்று பேசி அனுப்பியது. பங்குனிக்குப் பிறகு அதுவும் இல்லை. பாக்கியராஜ் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். கனகாவும் மாமியாரும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். அங்கிருந்து டெல்லிக்குப் போனதாம். "தகவல் வந்தா டெல்லியிலருந்தே கூப்புடுவாங்கம்மா" என்றார்கள். அன்றிலிருந்து போன் அடித்தால் கனகா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவன் வருவானா, வந்தால் உயிரோடு வருவானா, அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. வேலை செய்ததும் அந்த நினைப்பை மறக்கத்தான்.

ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்த வசனம் வந்தது. மினாசே கிராமத்துச் சாவடியில் பேரரசின் அறிவிப்பு ஒன்றை ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை அவள் தமிழில் இப்படி எழுதிப் பார்த்தாள்: 'வீட்டை விட்டுப் புறப்படும் எவரும் போறேன் என்று சொல்லத் தடை. மீறுவோர் நாக்கு அறுக்கப்படும்.'

கனகா சிரித்துவிட்டாள். இப்படி ஒரு தடை போட எந்தக் கூமுட்டை ராசாவுக்குத் தோன்றும்? போறேன் என்று ஒருத்தன் சொன்னால் பேரரசுக்கு என்ன குடி முழுகும்? ஆங்கிலத்தில் என்னவோ கோளாறு என்று நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கும் முகமது ரஃபீக்குக்கு எழுதினாள். அவனும் திண்டுக்கல்தான், பேகம்பூர்ப் பையன், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் ஜப்பானுக்கு எழுதினான். கதை எழுதிய அம்மாளிடமிருந்தே பதில் வந்தது.

ரஃபீக் போனில் படித்துக் காட்டினான். "அக்கா, அவுங்க பாஷையில வாசல் தாண்டும்போது சொல்ற வார்த்தைக்கு போறேன்னு அர்த்தமில்லையாம். போயிட்டு வாரேன்னு அர்த்தமாம். வீட்ல இருக்கவுக போயிட்டு வான்னு சொல்லணுமாம். இங்கிலீஷ்காரன்தான் மொட்டையா ஆக்கிப்புட்டான்."

"அடி ஆத்தி! இது நம்ம ஊருப் பேச்சாவுல்ல இருக்கு தம்பி!"

"அதான்க்கா எனக்கும் திக்குனு ஆயிருச்சு. இன்னுங் கேளுங்க."

மீதியை அவன் படிக்கப் படிக்கக் கனகாவின் சிரிப்பு அடங்கியது. அந்த உலகத்தில் வார்த்தைதான் கட்டு. நிலைப்படியில் நின்று போயிட்டு வாரேன் என்று சொன்னவன், சொன்ன வாசலுக்கு வந்தே தீருவான். உயிர் இருந்தால் உயிரோடு, இல்லாவிட்டால் இல்லாமல். சுரங்கத்தில் செத்தவர்கள் அப்படித்தான் உச்சி வேளையில் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். செத்தவனே வந்து சாட்சி சொன்னால் எந்த அரசாங்கம் மறுக்க முடியும்? அதனால்தான் அந்த வார்த்தைக்குத் தடை. இன்னும் ஒன்று உண்டு. வந்தவன் தானாகப் படி தாண்ட முடியாது. யாரிடம் சொல்லிவிட்டுப் போனானோ அவர் வாயால் வா என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிறகு அவன் அந்த வீட்டு ஆள். நீ செத்தவனா இருக்கிறவனா என்று கேட்கிற அதிகாரம் பேரரசனுக்கும் கிடையாது.

போனை வைத்துவிட்டுக் கனகா வாசலைப் பார்த்தாள். ஐப்பசி மாதம் அதே வாசலில்தான் விக்னேஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "போறேம்மா" என்று வாய் தவறிச் சொல்லி, அவன் அம்மா அழகம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். "நல்ல நாளும் அதுவுமா என்னடா பேச்சு பேசுற? வாரேன்னு சொல்லுடா" என்று அவன் தலையில் அம்மா ஒரு தட்டுத் தட்ட, இவன் சிரித்துக்கொண்டே கனகாவைப் பார்த்து, "வாரேன் கனகா" என்றான். சொன்னது இவளிடம். அப்போது அது வெறும் வார்த்தை. இப்போது நினைத்தால் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. வருவான் என்பது சரி. எப்படி வருவான்?

சரி, பிழைப்பைப் பார்க்க வேண்டுமே. அறிவிப்பைத் திருத்தினாள். மினாசேயிலிருந்து சுரங்கத்துக்குப் போகிற ஒவ்வொருவனும் பேசுகிற கடைசி வசனத்தையும் திருத்தினாள். கேமில் ஆட்கள் பேசும்போது ஒரு கட்டத்துக்குள் எழுத்து வரும். 'போயிட்டு வாரேன்' அந்தக் கட்டத்தில் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதனாலென்ன, திண்டுக்கல்காரன் எவன் போயிட்டு வாரேன் என்று முழுசாகச் சொல்கிறான்? வாரேன் என்பான், வண்டியை உதைப்பான். எல்லா இடத்திலும் 'வாரேன்' என்று போட்டாள். வாசலில் நிற்கிற பெண்களுக்கு, திரும்பி வந்த புருஷனைக் கூப்பிட, 'வாங்க' என்று போட்டாள். புருஷனை வா என்று சொன்னால் மினாசேயில் சரியாக இருக்கலாம், நாகல்நகரில் நாக்கில் வராது.

பதினைந்து நாளில், தமிழ் ஏற்றிய சோதனைப் பதிப்பை ரஃபீக் அனுப்பினான். விளையாடிப் பார்த்து எழுத்து வெட்டுப்படுகிறதா என்று சொல்ல வேண்டும். அழகம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கனகா மடிக்கணினியைத் திறந்து மினாசேக்குப் போனாள். அங்கேயும் உச்சி வெயில்தான். கதவுகளுக்கு முன்னால் திரும்பி வந்த ஆண்கள் ஆளுக்கொரு வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவனிடமும் போய்ப் பட்டனைத் தட்டினாள். ஒருவன் சுரங்கத்தில் தண்ணீர் கிடையாது என்றான். ஒருவன் தன் தம்பி அங்கேயே கிடக்கிறான் என்றான். எல்லாம் அவள் எழுதியதுதான். எழுத்து எங்கும் வெட்டுப்படவில்லை.

தெருவின் கடைசி வீட்டுக்குக் கதை எதுவும் கிடையாது. சும்மா அலங்காரத்துக்கு வரைந்த வீடு. அதன் வாசலில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். கனகா பட்டனைத் தட்டினாள். கட்டத்துக்குள் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

'இன்னைக்கி என்ன வெஞ்சனம்?'

கனகா அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். வெஞ்சனம் என்ற சொல்லை அவள் எந்த வசனத்திலும் போடவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டபடிதான் விக்னேஷ் தினமும் படியேறுவான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும், தீனிப்பண்டாரம் என்று அவள் திட்டுவாள். மறுபடி தட்டினாள். அதே வரி. தன் கோப்பு முழுக்கத் தேடினாள். இல்லை. படம் பிடித்து ரஃபீக்குக்கு அனுப்பினாள்.

"அக்கா, வெறும் கதவைல்ல அனுப்பிருக்கீங்க?"

"நல்லாப் பாரு தம்பி. வாசல்ல ஆளு நிக்குது."

"இல்லக்கா. என்னோடதுலயும் அந்த வீட்டுல யாருமில்ல. வெயில்ல கண்ணு கிண்ணு கூசுதா? செத்த நேரம் படுங்க."

தான் அனுப்பிய படத்தை அவளே திறந்து பார்த்தாள். கதவு மட்டும்தான் இருந்தது. கேமில் பார்த்தாள். நின்றான்.

அதற்குமேல் என்ன, தினமும் உச்சி வேளையில் அழகம்மாள் கண்ணயர்ந்ததும் கேமைத் திறந்து கடைசி வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் அதையே கேட்பான். "கத்திரிக்காய்ப் புளிக்கூட்டு" என்று இவள் வாய்விட்டுப் பதில் சொல்வாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பங்குனியிலிருந்து ஒரு குரலும் இல்லாமல் கிடந்தவளுக்கு அந்த மூன்று வார்த்தையை விட மனசு வரவில்லை. அவன் முகத்தைக் காட்டவே இல்லை. எந்தப் பக்கம் சுற்றிப் போய் நின்றாலும் முதுகுதான் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை திறந்தாள். வாசல் காலி. பதறிப்போய்த் தேடினாள். ஊருக்கு வெளியே சுரங்கத்துக்குப் போகிற பாதையில் அவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவன் மட்டுமில்லை, மினாசே வாசல்களில் நின்ற அத்தனை பேரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவனுக்குப் பின்னால் பட்டனைத் தட்டினாள்.

'போறேன்.'

அவள் 'ஐயோ' என்று கத்திய கத்தலில் அழகம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கோப்பைத் திறந்து பார்த்தால் அத்தனை 'வாரேன்'களும் 'போறேன்' ஆகியிருந்தன. ரஃபீக்கைக் கூப்பிட்டாள்.

"எவன்டா தொட்டது?"

"சரிபார்க்கிறவுக மாத்திருக்காங்கக்கா. மிஷின்ல போட்டுத் தமிழைத் திரும்ப இங்கிலீஷாக்கிப் பாத்தாங்களாம். போறவன் எதுக்கு வர்றேன்னு சொல்றான், டீச்சருக்கு அர்த்தம் தெரியலன்னுட்டாங்க. ஒரே தட்டுல மாத்திட்டாங்க."

"அவுக அம்மா வீட்டுலருந்து கெளம்பும்போது என்ன சொல்லிட்டு வருவாங்களாம்? மிஷினா பெத்துச்சு அவுகள?"

"அக்கா, கோவப்படாதீங்க. நாளான்னைக்கி எல்லாம் ஜப்பானுக்குப் போகுது. இப்ப மாத்துனா அடுத்த வேலை உங்களுக்குக் குடுக்க மாட்டாங்க."

"குடுக்காட்டிப் போகுது. நீ மாத்து. இல்லாட்டி நானே அந்த அம்மாளுக்கு எழுதுவேன்."

எழுதவும் எழுதினாள். அந்த அம்மாளின் முகவரி, ரஃபீக் முன்பு அனுப்பியிருந்த ஜப்பான் பதிலின் அடியில் இருந்தது. எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போகிறவன்தான் சொல்லாமல் போவான், வீட்டுக்குத் திரும்புகிறவன் வாரேன் என்றுதான் சொல்வான், உங்கள் வார்த்தையும் எங்கள் வார்த்தையும் ஒன்றுதான், நடுவில் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினாள். கோபத்தில் கடைசி வீட்டு ஆளைப் பற்றியும் எழுதிவிட்டாள். எழுதி அனுப்பியபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பைத்தியம் என்று நினைக்க மாட்டார்களா?

மறுநாளே பதில் வந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லியாயிற்று, அந்த வார்த்தை இல்லாமல் ஓர் ஆள்கூட அந்த ஊரிலிருந்து புறப்படக் கூடாது என்று இருந்தது. கீழே தனியாக இரண்டு வரி. 'கடைசி வீட்டு வாசலில் நாங்கள் யாரையும் வைக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியே போயிருக்கிறார்களா?'

அதைப் படித்ததும் கனகா ஜன்னலைச் சாத்தினாள். பட்டப்பகலில், அந்தப் புழுக்கத்தில், சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'வாரேன்' திரும்பி வந்தது. அவனும் திரும்பி வந்தான். இந்தத் தடவை அவன் முகம் இவள் பக்கம் இருந்தது. வெயில் கூசுகிறாற்போல் வரைந்திருந்ததில் கண்ணும் மூக்கும் பிடிபடவில்லை. பட்டனைத் தட்டினாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டத்துக்குள் இரண்டு தெரிவுகள் வந்தன. ஒன்று 'வாங்க'. மற்றது வெறும் கோடு, கூப்பிடாமல் விடுவதற்கு.

கனகாவின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கூப்பிட்டால் யார் வருவது? உயிரோடு எங்கேயோ முள்கம்பிக்குள் கிடக்கிறவனை இங்கே கூப்பிட்டு, அங்கே அவனைச் சாகடித்துவிட்டால்? கூப்பிடாமல் விட்டு, அவன் வந்து நின்று நின்று போய்விட்டால்? எதைத் தொட்டாலும் சுடுகிறது. மடிக்கணினியை அப்படியே மூடினாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். கட்டத்தில் அந்த இரண்டும் அவளுக்காகக் காத்துக்கொண்டே இருந்தன.

ஆவணி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உச்சிக்குச் சற்று முன்னால், சாமி கும்பிட்டுவிட்டு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திறந்தாள். கடைசி வீட்டு வாசலில் ஆள் இல்லை. சுரங்கப் பாதையில் இல்லை. ஊரெல்லாம் தேடினாள், கிணற்றடி, சாவடி, கோயில், எங்கேயும் இல்லை. இருந்த ஒரு வாசலையும் விட்டுவிட்டேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழகம்மாள் அடுப்படியிலிருந்து, "என்னத்தா, அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து அழுகுற? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள்.

"இல்லத்தை. கண்ணு எரியுது."

"அம்புட்டு நேரம் பாத்தா எரியாதா? ஏந்திரி, சோறு வடிச்சாச்சு."

சாப்பிட உட்காரப் போகும்போது வெளிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாடிக்கு இரும்புப் படி, யார் ஏறினாலும் டங்கு டங்கென்று அதிரும். அன்றைக்கு அதிரவில்லை. சத்தம் மட்டும் மெதுவாக ஏறி வந்தது. அழகம்மாள்தான் போய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விக்னேஷ் நின்றான்.

போகும்போது போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. மெலிந்திருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது. தோளில் பை இல்லை. முகத்தில் லேசாகச் சிரிப்பு, தப்புச் செய்துவிட்டு வந்த பிள்ளையின் சிரிப்பு. தலைக்கு நேர் மேலே சூரியன். வாசலில் கிடந்த செருப்புக்கு நிழல் இல்லை, கைப்பிடிக் கம்பிக்கு நிழல் இல்லை. அவனுக்கும் இல்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் இருக்கும்?

"ஏ அப்பு! எஞ் சாமி! வந்துட்டியாடா!" அழகம்மாள் கை இரண்டையும் நீட்டினாள். "வாய்யா, உள்ள வாய்யா. ஏன்யா வெயில்ல நிக்கிற?"

அவன் அம்மாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. "உள்ள வாடா" என்று அவள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். அவன் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று கனகாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அலமாரியில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. கனகா எட்டிப் பார்த்தாள். டெல்லி எண். பங்குனியிலிருந்து எந்த எண்ணுக்காகக் காத்துக்கிடந்தாளோ, அது. தகவல் வந்தால் டெல்லியிலிருந்தே கூப்பிடுவார்கள் என்றார்களே, கூப்பிடுகிறார்கள். 'உங்கள் வீட்டுக்காரரை மீட்டுவிட்டோம், வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்' என்று சொல்லலாம். வேறு மாதிரியும் சொல்லலாம். பச்சைப் பொத்தானை ஒரு தடவை தடவினால் போதும், தெரிந்துவிடும்.

கை அலமாரியிலிருந்து போனைத் தூக்கிவிட்டது. தரையில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் மகனைப் பார்த்தாள். அதிராத இரும்புப் படியைப் பார்த்தாள். மருமகள் கையில் அடிக்கிற போனைப் பார்த்தாள். அவளுக்குக் கார்வெனும் தெரியாது, மினாசேயும் தெரியாது. ஆனால் பெற்றவள்.

"அதை எடுத்துறாத தாயி" என்றாள். குரலே வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

கனகாவின் கண் அவன் காலடிக்குப் போயிற்று. கால் தரையில் பாவுகிறதா என்று ஒரே ஒரு பார்வை பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். பாதி வழி போன கண்ணை இழுத்து அவன் முகத்துக்கு ஏற்றினாள். பார்க்க மாட்டேன், பார்க்கவே மாட்டேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்தைவிட அவன்மேல் இருந்த ஆசை பெரிதாக இருந்தது.

"வாங்க" என்றாள்.

விக்னேஷ் படி தாண்டி உள்ளே வந்தான். வந்து, அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். அவன் கை பட்டதும் அழகம்மாள் ஒரு நொடி வெடவெடத்தாள். பிறகு அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

போன் நின்றது. மறுபடி அடித்தது. அழகம்மாள் மகன் கையை விடாமலே இன்னொரு கையை நீட்டி அதை வாங்கினாள். அரிசி வாளியைத் திறந்து, அரிசிக்குள் அடி ஆழத்தில் புதைத்து மூடினாள். கனகா இன்னொரு தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள். வாளிக்குள்ளே போன் அடிப்பது மூன்று பேருக்கும் கேட்டது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.